பித்தளையை நான் இரும்பாக்கிய கதை

படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். கணக்கு வேறு மாதிரி வந்துவிட்டால் கண்ணைச் சந்தேகப்படுவார்கள். எனக்கு இருபத்திரண்டு வயதில் இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. அதற்குப் பலியானவை அறுபது பித்தளை ராடுகள், ஒரு கம்பெனி முழுவதற்குமான பதினொரு மணி டீ. மயிரிழையில் தப்பியது ஒரு மனிதரின் வேலை. (என் மானத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் நிலவரம் போகப்போகத் தெரியும்.)

அப்போதுதான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். தண்ணீர்க் குழாய்களுக்குப் பித்தளை வால்வு செய்கிற இடம். குவாலிட்டி டிபார்ட்மென்ட் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அந்த டிபார்ட்மென்டில் நான், ஒரு மேசை, ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் ஆகியோர் பணியாற்றினோம். எந்தச் சரக்காவது சரியில்லை என்று தள்ளிவிட்டால் அதன் முனையில் சிவப்பு பூச வேண்டும். பூசிவிட்டால் அதை எவரும் எடுத்து மெஷினில் மாட்ட மாட்டார்கள். கிட்டத்தட்ட ஆறு மாதமாக அந்த டப்பாவின் மூடியைத் திறக்க எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை. வந்ததெல்லாம் நல்ல சரக்காகவே வந்து தொலைத்தது.

இது நடந்த வாரத்துச் சனிக்கிழமையோடு என் ஆறு மாத டிரெய்னிக் காலம் முடிகிறது. வேலையை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி தணிகாசலம் அன்றைக்குச் சொல்லவேண்டும். இதில் அவருக்கு இன்னும் சந்தேகம் இருந்தது. அப்பாவுக்கு இல்லை. அப்பா திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர். மகளுக்கு வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது என்று ஒரு மாதத்துக்கு முன்பே சந்நிதித் தெரு முழுவதும் சொல்லி, நன்றிக்கடனாகச் சர்க்கரைப் பொங்கலும் சமர்ப்பித்துவிட்டார். ஒருவேளை ஆகாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியாச்சு. இனிமே அது அவர் பாடு" என்றார். ஆக, என் வேலையும் பெருமாளின் நாணயமும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலாளியின் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. இத்தனை மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம், வருகைப் பதிவேட்டுக்கு அட்டை போட்டது. எனவே அந்த வாரத்துக்குள் ஏதாவது சாதித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். வேலையில் சேர்ந்தவர் வேலையைக் கற்றுக்கொள்ள முடிவு செய்தால் கம்பெனிக்கு நல்லது. சாதிக்க முடிவு செய்தால் ஆபத்து.

வியாழக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து குட்டி யானை என்கிற மினி லாரியில் அறுபது பித்தளை ராடு வந்து இறங்கியது. அனுப்பியவர் வெங்கடேசுலு. ஆந்திர எல்லைக்காரர், கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக உலை வைத்து, பித்தளையை உருக்கி ராடாக ஊற்றித் தருபவர். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச் சரக்கு வந்தால் ஒரு துண்டை வெட்டிச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்புவோம். அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு மூன்று நாள் ஆகும். அன்றைக்கு முதலாளிக்கு அவசரம். மூன்று நாள் மெஷின் சும்மா கிடக்கவேண்டுமே என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நானே கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். எப்படி என்றார். தன்வெப்பத்தைக் கண்டுபிடித்து, என்றேன். அவருக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அர்த்தம் தெரியாத வார்த்தைகளிடம் அவருக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

விஷயம் இவ்வளவுதான். ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதுதான் அதன் தன்வெப்பம். உலோகத்தைக் கொதிநீரில் போட்டுச் சூடாக்கி, எடை தெரிந்த பச்சைத் தண்ணீரில் போடவேண்டும். தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்தால், உலோகம் எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுவந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். பித்தளைக்கு 0.38 வரவேண்டும். இரும்புக்கு 0.45. இந்தப் பரிசோதனையில் கல்லூரியில் எனக்கு இருபதுக்கு இருபது. (பக்கத்து மேசைக்காரியின் அளவுகளை அப்படியே எழுதி வாங்கியது. அன்றைக்கு நான் கேன்டீனில் இருந்தேன். இதை இந்தக் கட்டுரைக்கு முன் எங்கும் ஒப்புக்கொண்டதில்லை.)

இதற்குக் கலோரிமீட்டர் என்ற ஒரு பாத்திரம் வேண்டும். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் அதன் தகுதி. எங்கள் கம்பெனியில் அந்தத் தகுதி ஒரே பொருளுக்குத்தான் இருந்தது. தினமும் பதினொரு மணிக்கு எல்லோருக்கும் டீ வாங்கிவருகிற பெரிய ஸ்டீல் ஃப்ளாஸ்க். கடைக்குக் கிளம்பியவரிடமிருந்து அதை வாங்கிக் கழுவி, என் மேசை மேல் வைத்தேன். அன்றைக்கு டீ கிடையாது, விஞ்ஞானம் நடக்கிறது என்று அறிவித்தேன். லேத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இருபத்திரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வையில் விஞ்ஞானத்தின் மேல் ஆர்வம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

ராடிலிருந்து அரைக் கிலோவில் ஒரு துண்டு வெட்டச் சொன்னேன். வெட்டிய முகம் உள்ளே வரைக்கும் பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அதை நூலில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டேன். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அடுப்பு மதியச் சாப்பாடு சூடாக்குகிற மூலையில் இருந்தது, என் மேசை பத்தடி தள்ளி இருந்தது. கொதிநீரிலிருந்து எடுத்து மேசைக்குக் கொண்டுவருவதற்குள் துண்டு காற்றில் ஆறிவிடுமே என்று கவலைப்பட்டேன். லேத்துக்காரர்கள் கை துடைக்கிற பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை எப்போதும் கிடக்கும். அதில் ஒரு துண்டுத் துணியை எடுத்து உலோகத்தைச் சுற்றிக் கட்டி, துணியோடு கொதிக்கவைத்து, துணியோடு தூக்கி, துணியோடு ஃப்ளாஸ்கில் இறக்கினேன். குளிருக்குக் கம்பளி போர்த்துகிற மாதிரி. துணியின் எடையை முன்கூட்டியே தராசில் போட்டு, மறக்காமல் கணக்கில் கழித்தேன். அவ்வளவு கவனம்.

என்னிடமிருந்த தெர்மாமீட்டரில் தண்ணீர் முப்பது டிகிரியிலிருந்து முப்பத்தேழுக்கு ஏறியது. பித்தளையாக இருந்தால் முப்பத்தாறோடு நின்றிருக்க வேண்டும். கணக்குப் போட்டேன். 0.46.

மறுபடி செய்தேன். 0.46. மூன்றாவது தடவையும் 0.46. ஒரே விடை மூன்று தடவை வந்தால் அது உண்மை என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரே முட்டாள்தனத்தை மூன்று தடவை ஒழுங்காகச் செய்தாலும் ஒரே விடைதான் வரும் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் பித்தளை என்றது. கணக்கு இரும்பு என்றது. நான் யார் பக்கம் நின்றிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலாளியிடம் போய், இதில் பாதிக்கு மேல் இரும்பு கலந்திருக்கிறது, நைனா நம்மை ஏமாற்றிவிட்டார் என்றேன். அவர் எழுந்தே விட்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, உள்ளே வரைக்கும் மஞ்சளாக இருக்கிறதே, எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஒரு நொடி கூடத் தயங்காமல், நிறம் என்பது வெறும் தோற்றம், தன்வெப்பம்தான் ஓர் உலோகத்தின் உண்மையான சுபாவம் என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் போர்வைக்குள் போய்ப் புகுந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் அசந்துபோய், சரிம்மா, செய்யவேண்டியதைச் செய் என்றார்.

செய்தேன். இத்தனை மாதமாகக் காத்திருந்த டப்பாவைத் திறந்தேன். அறுபது ராடின் இரண்டு முனைகளிலும், ஆக நூற்றிருபது இடத்தில், என் கையாலேயே சிவப்பு பூசினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்னொருவரோடு பங்குபோட மனம் வரவில்லை.

தகவல் போனதும் நைனா பெரியபாளையம் வழியாக மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். மூன்று மணி இருக்கும். தலையெல்லாம் புழுதி. சிவப்பு முனைகளைப் பார்த்ததும் அவர் முகமும் அந்த நிறத்துக்கு வந்தது. இத்தனை வருடத்தில் தன் சரக்கில் யாரும் சிவப்பு பூசியதில்லை என்றார். நான் பொறுமையாக, பாவம் படிக்காதவர் என்ற கருணையோடு, உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறேன் என்றேன். டீ இல்லாமல் ஏற்கெனவே வேலை ஓடாத இருபத்திரண்டு பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள். நான்காவது தடவை. அதே துண்டு, அதே துணி, அதே 0.46. என் பாடப்புத்தகத்தின் தன்வெப்ப அட்டவணையில் இரும்புக்கு நேரே விரலை வைத்துக் காட்டினேன்.

நைனா ஆடிப்போனார். அவருக்கு என் கணக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அத்தனை பேர் முன்னிலையில் அச்சடித்த எண்ணைக் காட்டினால் யாருக்குத்தான் பயம் வராது. மெதுவாகத் தன் ஆள் மேலேயே சந்தேகம் திரும்பியது. போனை எடுத்துக் கும்மிடிப்பூண்டிக்குப் பேசினார். உலையைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி ஏகாம்பரத்திடம், உருக்குகிற சரக்கில் இரும்பைக் கலந்து என் பேரைக் கெடுத்துவிட்டாய், நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று கத்திவிட்டு வைத்தார். மறுமுனையில் அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பேனா மூடியை மாட்டிக்கொண்டு, சனிக்கிழமை பர்மனென்ட் ஆர்டர் வாங்கும்போது எந்தச் சுடிதார் போட்டுக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஸ்டெல்லா வந்தாள். ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான். வெங்கலுக்குப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருபவள். லேத்திலிருந்து விழுகிற பித்தளைச் சுருள்களையும் தூளையும் கூட்டி அள்ளி, மறுபடி உருக்க அனுப்புவது அவள் வேலை. அதில் இரும்புத் தூள் கலந்துவிடக் கூடாதென்று, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாள் முழுக்கக் குவியலுக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருப்பாள். என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில். நான் சேர்ந்த நாளிலிருந்து, தினமும் எட்டு மணி நேரம்.

என் சிவப்பு ராடுகள் அவள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. "இன்னா மேடம், வழிலயே போட்டு வெச்சிகிறீங்க. நான் எப்டி போறது" என்றாள். அதில் இரும்பு இருக்கிறது, தொடாதே என்றேன். அவள் எதற்கும் இருக்கட்டும் என்று கையிலிருந்த காந்தத்தை ராடுகள் மேல் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். காந்தம் எதிலும் ஒட்டவில்லை. அப்படியே திரும்பி வந்து வெட்டிய துண்டின் மேலும் வைத்துப் பார்த்தாள். அதிலும் ஒட்டவில்லை. கடைசியில் என் மேசைக் காலில் வைத்தாள். டப் என்று ஒட்டியது.

"இரும்புன்னா ஒட்டணுமில்ல" என்றாள்.

எல்லோரும் அந்த மேசைக் காலையே பார்த்தார்கள். இருபத்திரண்டு பேர், ஒரு முதலாளி, ஒரு நைனா. காந்தத்தில் இரும்பு ஒட்டும், பித்தளை ஒட்டாது. இது ஆறாம் வகுப்புப் பாடம். (என் பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தில் இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.) முதலாளி என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன். அட்டவணையில் ஒரு உதவியும் இல்லை.

அப்படியானால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அதற்கும் ஸ்டெல்லாவே பதில் சொல்லிவிட்டாள், தனக்கே தெரியாமல். பனியன் வேஸ்ட் வீணாகப் போவது அவளுக்குப் பிடிக்காது. கடைசியாக ஒரு தரம் செய்து காட்டிவிடலாம் என்று நான் மறுபடி துணி சுற்றிக் கொதிக்கவைத்து, தூக்கித் தட்டில் வைத்த துண்டிலிருந்து, அவள் துணியை மட்டும் உருவி, ஆறவிட்டு, ஒரு டம்ளரில் பிழிந்தாள். சொட்டுச்சொட்டாக வெந்நீர் இறங்கியது. டம்ளரை எடுத்துத் தராசில் வைத்தேன். டம்ளரைக் கழித்தால் சரியாகப் பத்து கிராம்.

பத்து கிராம் என்றால் இரண்டு ஸ்பூன். ஆனால் உலோகத்தைவிடத் தண்ணீர் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். உலோகம் கொண்டுவந்த சூட்டோடு அந்த இரண்டு ஸ்பூன் கொதிநீரும் ரகசியமாக ஃப்ளாஸ்கில் இறங்கி, பித்தளையை இரும்பாக்கியிருக்கிறது. துணியின் எடையைக் கழித்த நான், துணி குடித்த தண்ணீரை மறந்துவிட்டேன். மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். அந்தப் பத்து கிராமை எடுத்துவிட்டால் 0.38 வந்தது. அன்றைக்கு நான் போட்ட ஒரே சரியான கணக்கு அது. அதையும் யாரும் கேட்கவில்லை.

நைனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே போனை எடுத்து ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. போன உசுரு கூடத் திரும்பிவந்தாலும் வரும், கோபித்துக்கொண்டு போன ஏகாம்பரம் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.  அதுவரை அவமானமாக இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து பயமாக இருந்தது. முகம் தெரியாத ஒருவர், நான் துணியைப் பிழியாததால், வேலையில்லாமல் வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே பேசினார்.

"உன் பர்மனென்ட் ஆர்டர் மதியமே டைப் அடிச்சி வெச்சிக்கினுதான் இருந்தேன். இப்ப நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. அந்த மேஸ்திரிய போயி பாரு. உன்ன வேலைக்கு வெச்சிக்கலாமா வாணாமான்னு அவர கேட்டுக்கினு வா. அவரு இன்னா சொல்றாரோ, அதான்."

வெள்ளிக்கிழமை காலை முழுக்க, பெயின்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவோடு உட்கார்ந்து நூற்றிருபது முனைகளைத் துடைத்தேன். பூச அரை மணி நேரம் ஆனது, துடைக்க நாலு மணி நேரம். (தின்னர் வாசனைக்குத் தலை சுற்றியதா, வெட்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.) பதினொரு மணிக்கு டீ வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். டீயில் இஞ்சியோடு லேசாகப் பனியன் வாசனை அடிக்கிறது என்று ஒருவர் பொதுவாகச் சொன்னார்.

மதியம், ஸ்டெல்லா பொறுக்கிச் சுத்தம் செய்த பித்தளைத் தூள் மூட்டைகளோடு குட்டி யானை கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பியது. நானும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். டிரைவர் நல்ல மனிதர், வழியில் நிறுத்திய இரண்டு டீக்கடையிலும் நான் எதற்காகப் போகிறேன் என்று விளக்கமாகச் சொன்னார். பெரியபாளையம் தாண்டுவதற்குள் கதையில் துணி ஒரு போர்வையாகிவிட்டது. நான் மறுக்கவில்லை. வீட்டில் அப்பாவிடம் இது எதையும் சொல்லியிருக்கவில்லை. ஏகாம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சந்நிதித் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது, அப்பா யார் முகத்தில் விழிப்பார் என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

நைனாவின் பட்டறை ஒரு தகரக் கூரை, ஒரு உலை, வெளியே ஒரு வேப்பமரம். உலை எரியவில்லை. மரத்தடியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துப் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனா காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்துவிட்டாராம். வந்தவர் உலையைப் பற்றவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். தன் சரக்கில் என்ன தப்பு என்று கண்டுபிடித்தவர் நேரில் வந்து சொல்லவேண்டுமாம். அதாவது நான்.

அவர் முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த மன்னிப்பு வாக்கியங்கள் மறந்துபோய், நேரே அழுகைதான் வந்தது. துணி, கொதிநீர், இரண்டு ஸ்பூன் என்று அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், எத்தனை ராடில் சிவப்பு பூசினாய் என்று கேட்டார். அறுபது என்றேன். எத்தனை ராடில் துண்டு வெட்டிச் சோதித்தாய் என்றார். ஒன்றில் என்றேன்.

"ஒண்ணுல துணி ஈரம். சரி. மிச்சம் அம்பத்தொம்போது இன்னாம்மா பண்ணுச்சி?"

  வேறு எதுவும் தோன்றாமல், பையிலிருந்து ஃப்ளாஸ்க்கையும் தெர்மாமீட்டரையும் எடுத்து (ஆமாம், கொண்டுபோயிருந்தேன், என் வியாதி அப்படி), இப்போது துணியில்லாமல் சரியாகச் செய்து காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தடுக்க நைனா வாயைத் திறந்தார். ஏகாம்பரம் கையைக் காட்டி, செய்யட்டும் என்றார். அவருடைய அடுப்பில், அவர் ஊற்றிய பித்தளைத் துண்டு ஒன்றை, பட்டறைத் தராசில் எடை போட்டு, மெல்லிய கம்பியில் கட்டிச் செய்தேன். உதறிவிட்டு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து இறக்கினேன். 0.38 வந்தது. சந்தோஷத்தில், பித்தளையேதான் என்று அவரிடம் அறிவித்தேன்.

ஏகாம்பரம் டிபன் பாக்ஸை மூடினார். "அது பித்தளைன்னு எனக்குத் தெரியும்மா. நான்தானே ஊத்துனேன்" என்றார்.

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அழுகையின் நடுவே வந்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, உலையைப் பற்றவைக்க எழுந்தார். அப்போதுதான் முதலாளி கேட்டனுப்பியதைச் சொல்லவேண்டியிருந்தது. என்னை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டுமாம் என்றேன். அவர் நின்றார். மரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். அவர் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

"வெளிய வுட்டா இன்னும் எத்தினி கம்பெனிக்குப் போயி செவப்பு அடிக்குமோ. வாணாம். அங்கியே வெச்சிக்கச் சொல்லு."

சனிக்கிழமை இதை வார்த்தை மாறாமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் என் கோப்பை எடுத்து, நிரந்தரம் செய்வதற்கான காரணம் என்ற இடத்தில் அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். என்னோடு படித்தவர்கள் கடின உழைப்பு, தலைமைப் பண்பு என்றெல்லாம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். உலகத்திலேயே, வெளியே விட்டால் ஆபத்து என்ற காரணத்துக்காக வேலை நிரந்தரமானவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தக் கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நானும்தான். அதே கம்பெனியில் இப்போது குவாலிட்டிக்குத் தலைவி. ஒரு லோடு வந்தால் பத்து ராடிலாவது துண்டு வெட்டுகிறேன். அதற்கும் முன்னால் ஸ்டெல்லாவைக் கூப்பிடுகிறேன்.

அப்பாவிடம் ஒரு வாரம் மறைத்துவைத்தேன். திருவள்ளூர் எவ்வளவு பெரிய ஊர், எத்தனை நாள் மறைக்க முடியும். குட்டி யானை டிரைவர் அமாவாசைக்குக் கோயிலுக்கு வந்தவர், மடப்பள்ளி வாசலில் பிரசாதம் வாங்கும்போது போர்வை சகிதம் முழுக்கதையையும் சொல்லிவிட்டார். அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் பெருமாளின் திருவுள்ளம் என்று எடுத்துக்கொண்டார். பொங்கல் வீண்போகவில்லை, அது போதும் அவருக்கு.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணை ஒப்படைக்கிற நேரத்தில் எல்லா அப்பாக்களும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்கலங்கி, என் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதாவது சொல்வார்கள். என் அப்பாவும் கண்கலங்கினார். என் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்து, கூட்டமே அமைதியாக இருக்கும்போது, "மாப்பிள்ளே, வெளியில விட்டா ஊருக்கு ஆபத்து. அங்கேயே வெச்சுக்கோங்கோ" என்றார். என் கணவருக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. நான் அவரை அறிந்த இத்தனை வருடத்தில், அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.